இத்தாவில் இருந்த மாணவியை நேரில் வரவழைத்து, வந்ததையே காட்டித் தேர்வெழுத விடாதது பற்றி

அனுப்புநர்:
நூர் நிஷா, க/பெ. கபீர்,
கிழக்குத் தெரு, பெரியபட்டினம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
தென்கடல் பல்கலைக்கழகம்,
இராமநாதபுரம்.

பொருள்: என் மகள் யும்னாவுக்கு (எம்.எஸ்சி. வேதியியல், இறுதியாண்டு) ஹால் டிக்கெட் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மருமகன் ரிஃபாய் ஜூலை 10 அன்று சார்ஜாவில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். என் மகள் முகம்கூடப் பார்க்கவில்லை. கணவரை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா எங்கள் மார்க்கக் கடமை. பிறைக் கணக்கில் அது நவம்பர் 16இல் முடிகிறது. தேர்வு 19இல் தொடங்குகிறது. இடையில் குறையும் வருகைப்பதிவுக்கு மட்டுமே விலக்கு கேட்டோம்.

2. தங்களிடம் ‘மாணவர் மத நம்பிக்கை ஆதரவுக் குழு’ இருப்பதாக அறிந்து, இறப்புச் சான்றும் ஜமாஅத் கடிதமும் வைத்து விண்ணப்பித்தோம். வெளியே வர முடியாத காரணத்தை மாணவியே நேரில் வந்து விளக்க வேண்டும் என்று பதில் வந்தது. நான் வருகிறேன் என்றேன். பெற்றோர் கூடாதாம்.

3. அவசியத்துக்குப் பகலில் போய்வரலாம் என்று பள்ளிவாசல் ஆலிம் சொன்னதால், ஆகஸ்ட் 26 அன்று அவளைக் கிளப்பியவள் நான்தான். அவள் மாட்டேன் என்றாள். “ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வந்துரலாம்” என்று சொன்ன வாய் இது. காலை பத்து மணி முதல் மூன்றரை வரை வெள்ளைத் துணியோடு வராந்தாவில், போவோர் வருவோர் பார்க்க உட்கார்ந்திருந்தாள். பிறகு ஐந்து பேர் அவளை உள்ளே நிற்கவைத்து, கணவரின் மையித்தையே பார்க்காதவளுக்கு இத்தனை நாள் எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருப்பார்கள்.

4. செப்டம்பர் 15ஆம் தேதி உத்தரவு: “விண்ணப்பதாரர் 26.08 அன்று நேரில் வந்துள்ளதால், வெளியே வர இயலாது என்ற கூற்று ஏற்கத்தக்கதல்ல.” வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, வந்தால் நம்பிக்கையே தள்ளுபடி. வருகைப்பதிவு குறைவென்று இப்போது ஹால் டிக்கெட்டும் இல்லை.

5. போன வாரம் அவள் தோழி மதுமதி ஒரு படம் அனுப்பினாள். பல்கலைக்கழக இணையதளத்தில், அன்று வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் மகள். கேட்காமல் எடுத்த படம். அதன் கீழே, ‘எங்கள் குழுவின் ஆதரவுடன் தன் மதக் கடமையைத் தொடரும் மாணவி’ என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து யும்னா என்னோடு பேசுவதில்லை.

ஆகவே அந்த உத்தரவை ரத்து செய்து, 19ஆம் தேதிக்கு முன் ஹால் டிக்கெட் வழங்க வேண்டுகிறேன். படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். ஆதரவு கொடுத்ததாகப் படம் போட்டே தீர வேண்டுமென்றால், முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த மனுவை விசாரிக்க என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். அவளைத்தான் கூப்பிடுவீர்கள் என்றால், இந்த முறை நான் அனுப்ப மாட்டேன்.

இணைப்பு: உத்தரவு நகல், படம்.

இடம்: பெரியபட்டினம்
நாள்: 3.11.2025

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) நூர் நிஷா