கிராவலுக்குக் கீழே இருந்த மண்

அக்கா,

இன்று காலை குளத்தூர்ப் பக்கம் ஒரு பழைய எண்ணெய்க் கிடங்கில் சோதனைக்கு மண் எடுக்கப் போனேன். ஜீப்பை விட்டு இறங்கியதுமே அந்த வாசனை மூக்கில் ஏறியது. புதிதாகக் கொட்டித் தண்ணீர் தெளித்த கிராவல் மண். ஆபீசில் இருந்து ஆள் வருகிறார்கள் என்று தெருக்காரர்கள் நேற்றே இரண்டு டிராக்டர் மண் அடித்துப் பரப்பிவிட்டார்கள், பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்போமே, அது மாதிரி. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "யாரைக் கேட்டுக் கொட்டுனீங்க?" என்று கத்திவிட்டேன். தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்ற பெரியவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். நான் கத்தியது அவரைப் பார்த்து இல்லை. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அறந்தாங்கியில் உங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பட்டறையையும் இப்படித்தானே ஜோடித்து வைத்திருந்தீர்கள். பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய இடம் அது. முதலாளி பூட்டிவிட்டுப் போய், நிலம் அரசாங்கத்துக்கு வந்து, வாய்க்கால் ஓரத் தகரக் கொட்டகைகளில் இருந்த உங்கள் எல்லோருக்கும் அங்கேயே அடுக்குமாடி வீடு என்று பேச்சு வந்திருந்தது. மண்ணில் விஷம் இல்லை என்று நான் எழுதித் தந்தால் வேலை தொடங்கிவிடும்.

மகளிர் குழுத் தலைவி என்ற முறையில் நீங்கள்தான் கேட்டில் நின்றீர்கள். தரை முழுக்கச் செக்கச்செவேல் என்று கிராவல். நடுவில் பெரிய கோலம். "வாங்க மேடம், அங்கிட்டு நெழல்ல நில்லுங்க. எடம் எப்புடி இருக்கு?" என்று கேட்டுக் கையில் இளநீரைத் திணித்தீர்கள். சந்தேகமான இடத்தில் ஆழமாகத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? அவ்வளவு ஆசையாகக் கோலம் போட்ட இடத்தில் கடப்பாரையைப் போட மனம் வரவில்லை. வெயிலும் மண்டையைப் பிளந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலாக நாலு இடத்தில் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பதினைந்து வருஷம் இதே வேலை பார்த்தவள் செய்கிற காரியமா அது?

ரிசல்ட் சுத்தமாக வந்தது. உங்கள் தெருவில் கேசரி கிண்டினார்களாம். மூன்றாம் நாள் நீங்கள் போன் செய்தீர்கள்.

"ரிசல்ட்டு நல்லா வந்திருக்காமே மேடம்."

"ஆமாக்கா. சந்தோஷம்தானே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். பிறகு கேட்டீர்கள்: "அது நாங்க கொட்டுன கிராவலோட ரிசல்ட்டுல்ல?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு. எங்கள் ஊர் ஆவூரில் மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகாமல், அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். நீங்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடப்பாரையோடு தனியாக நின்றீர்கள். கல்யாணமான புதிதில் அந்தப் பட்டறையில் கூலிக்குப் போனவர் நீங்கள். உலை எங்கே இருந்தது என்று தெரிந்திருந்தது. நேராக அங்கே போய்த் தோண்டினீர்கள். முழங்கால் ஆழத்தில் சாம்பல் நிறத்தில் மண் வந்தது, உடைந்த பேட்டரிப் பெட்டிகளின் கறுப்புத் துண்டுகளோடு.

"இந்தச் சாம்பல் ஒட்டுன சேலையோடதான் எம் மகளுக்குப் பால் குடுத்தேன். அவளுக்குப் படிப்பு ஏறலன்னு ஊரு பூராம் சொல்லியாச்சு. இன்னொருத்தி புள்ளைக்கி இது வேணாம். இங்க எடுங்க."

"இதை எழுதினா வீடு தள்ளிப் போயிரும்க்கா."

"தள்ளிப் போகட்டும். வீடே கெடையாதுன்னு மட்டும் எழுதிராதீங்க."

அப்படியே எழுதினேன். முதலில் மண்ணை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு கட்டலாம் என்று. அது வருஷக்கணக்கில் இழுத்தது. நீங்கள் தோண்டியதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். கைக்கு வந்த வீட்டைக் கெடுத்தவள் என்று பெயராகிவிட்டது. குழாயடியில் உங்கள் குடத்துக்கு யாரும் இடம் விடவில்லை. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிற பக்கத்துக் கொட்டகைப் பாக்கியம் அக்காகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் நாளே நான் என் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தத் திட்டு எனக்கு வந்திருக்கும். ஆபீஸ்காரி கெடுத்துவிட்டாள் என்று மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். அதோடு போயிருக்கும்.

"நான் வந்து சொல்றேன்க்கா, தப்பு என்னோடதுன்னு" என்று ஒருமுறை சொன்னேன். "ஒங்க வேலைக்கு நீங்களே ஒலை வச்சுக்காதீங்க. எந் தெரு, நா பேசிக்கிறேன்" என்றீர்கள். நீங்கள் ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள். அதை நான் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்! அக்காவே சொல்லிவிட்டார், அக்காவே சொல்லிவிட்டார் என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன். நீங்களும் கடைசிவரை யாரிடமும் அதைப் பேசவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாசியில் நெஞ்சுவலி என்று போய்விட்டீர்கள், அதே தகரக் கொட்டகையில் இருந்து. பந்தலில் நாலைந்து நாற்காலிதான் நிறைந்திருந்தது. பாக்கியம் அக்கா தன் வாசலில் நின்று பார்த்தார், இறங்கி வரவில்லை. அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மாலையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். எப்போதும் பஸ் ஏறத்தான் எனக்குத் தெரியும். ஆவூரில் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தைச் சொன்னேன். பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை அஞ்சு தடவை சொல்லச் சொன்னார். அஞ்சே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அன்று ராத்திரியும் தூங்கவில்லை.

பிறகு ஒருவழியாகத் தார்ப்பாய் போட்ட லாரிகளில் அந்த மண் போனது. நல்ல மண் வந்தது. இந்த முறை ஒவ்வொரு குழியிலும் நானே இறங்கி அடிமண் எடுத்தேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். மண் சுத்தம் அக்கா. வீடுகள் எழும்பிவிட்டன. போன மாதம் சாவி கொடுத்தார்கள். உங்கள் மகளுக்குத் தரைத்தளம். எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று யார் உதவியும் இல்லாமல் அவளே கண்டுபிடித்துத் திறந்தாள்.

அதிகாரிகள் கிளம்பிய பிறகு, சாமியானா பந்தலிலேயே எல்லோரையும் நிற்கச் சொன்னேன். முதல் நாள் நான் தோண்டாமல் போனதையும், என் வேலையைத்தான் நீங்கள் செய்தீர்கள் என்பதையும், நீங்கள் தோண்டியிராவிட்டால் உங்கள் தெருப் பிள்ளைகள் அந்தச் சாம்பல் மேல் விளையாடியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். பாக்கியம் அக்காதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"இத அவ இருக்கையிலயில்ல சொல்லியிருக்கணும்? பக்கத்துக் கொட்டாயில இருந்துக்கிட்டு அஞ்சு வருசம் அவகூட பேசாம இருந்தேனே மேடம். அவ மொகத்தப் பாக்கக்கூட வரலையே. அதுக்கு மன்னிப்ப யாருகிட்டப் போயிக் கேப்பேன் நானு?"

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அது எனக்குத் தெரியும். பாக்கியம் அக்காவிடமும் கேட்க வேண்டும்; அவர் வீடு இரண்டாவது மாடி. இரண்டு தடவை போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே நடமாட்டம் கேட்டது, திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.