பன்னிரண்டு சிங்கங்கள்

1872 நவம்பர் 18, திங்கள்

பெத்தியா ரென்னிக்குச் சிங்கத்தைத் தர மறுத்து நான் கதவைச் சாத்திவிட்டதாகப் பால்காரி கிர்ஸ்டி வீடு வீடாகச் சொல்லிவருகிறாள். அது பொய். கேட்டாள், கொடுத்தேன். வாசலிலேயே நிற்க வைத்துக் கொடுத்தேன் என்பது மட்டும் உண்மை. அவள் கையெல்லாம் மாவு.

வரும் முப்பதாம் தேதி, புனித அந்திரேயா திருநாளன்று, நம் பார்டிக் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கால்பந்து ஆடப்போகின்றன. ஊருக்கு ஊர் அல்ல, நாட்டுக்கு நாடு. நம்மவர்களின் நீலச் சட்டையில் நெஞ்சுக்கு நேரே சிவப்புச் சிங்கம் வேண்டுமாம். சட்டைப் பொறுப்பு ஆர்ச்சி மன்ரோவிடம். ஆர்ச்சி நான்கு வருடமாக என் முன்னறையில் குடியிருப்பவன். என் கையால் சாப்பிடுகிறவன். மறைந்த என் கணவர் ஹெக்டரின் நாற்காலியில் உட்கார நான் அனுமதித்த ஒரே ஆள். அவன் தைக்கச் சொன்னது எதிர்வீட்டு பெத்தியாவிடம்.

இங்கிலாந்தின் யார்க் கன்னியர் மடத்தில் ஒன்பது வயதிலிருந்து பதினேழு வரை ஊசி பிடித்தவள் நான். பெத்தியாவின் தையல் உருளைக்கிழங்குச் சாக்குக்குத்தான் பொருந்தும். ஆனால் சிங்கத்தின் மாதிரித்தாள் என்னிடம்தான் இருக்கிறது. ஹெக்டரின் கப்பல் அறைத் திண்டுக்காக முப்பது வருடத்துக்கு முன் நானே வரைந்து, தோல்தாளில் புள்ளி புள்ளியாக ஊசியால் குத்தியது. சிவப்புத் துணிமேல் வைத்துச் சுண்ணப்பொடி தேய்த்தால் சிங்கம் துணியில் இறங்கும்; அதை வெட்டிச் சட்டைமேல் தைக்க வேண்டியதுதான்.

தூசி தட்டி, மடிப்பு நீவித்தான் கொடுத்தேன். மூலையில் பழைய சிவப்பு நூல் ஒன்று முடிச்சோடு அழுக்காக இருந்தது. எடுத்துவிட்டேன்.

நவம்பர் 19

இன்றும் ஆர்ச்சிக்கு மாலைத் தேநீர் அங்கேதான். என் பார்லிச் சூப்பு ஆறிப்போயிற்று.

நவம்பர் 21, வியாழன்

இன்று கிர்ஸ்டி பாலை ஊற்றிக்கொண்டே, "உங்க வீட்டுத் தம்பி எதிர்வீட்டுலயே குடிவந்துட்டாப்ல போல, கில்லீஸம்மா" என்றாள். "அந்தம்மாவுக்குத் தெனமும் பேப்பர் படிச்சுக் காட்டறாராம்."

ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்குச் செய்தித்தாள் படித்துக் காட்ட ஓர் ஆண் வேண்டுமா? நிலக்கரி வேறு சுமக்கிறான். தெருவுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இங்கே அவன் சிரித்ததில்லை. நான் சிரிப்புக் காட்டுகிறவளும் இல்லை, அது சரிதான். அதற்காக?

நவம்பர் 23

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குருவானவரிடம் வழக்கமான பாவங்களைச் சொன்னேன். வேறெதுவும் சொல்வதற்கில்லை.

நவம்பர் 25, திங்கள்

பெத்தியா தைத்து முடித்த ஆறு சட்டைகளைக் கொண்டுவந்து காட்டினாள்.

ஆறு சிங்கங்களும் தப்பான பக்கம் பார்க்கின்றன.

கேடயத்துச் சிங்கம் சட்டை போட்டவனின் வலக்கையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். இடக்கையைப் பார்த்தால் அது போருக்குப் போகிற சிங்கமல்ல, ஓடுகிற சிங்கம். மாதிரித்தாளைக் குப்புறப் போட்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் நானே வழவழவென்று தேய்த்த தாள். எது மேல்பக்கம் என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் மூலையில் முடிச்சு வைப்போம்.

இந்தத் தெருவில் இதைக் கவனிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். நானும், சனிக்கிழமை மூன்று சிங்கங்களை நெஞ்சில் போட்டுக்கொண்டு வரப்போகிற படித்த இங்கிலாந்துக் கனவான்களும்.

"எப்படி இருக்கு, கில்லீஸம்மா? ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

தையல் சீராக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 26

காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டேன். பல நாளுக்குப் பிறகு நல்ல பசி.

நவம்பர் 27, புதன்

ஆர்ச்சி ஓட்ஸ் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"சிங்கம் யாரோடதுன்னு ஆட்டக் கமிட்டில சொல்லிட்டேம்மா. கேப்டன் கில்லீஸோட சிங்கம்னு. கடல்ல போன சிங்கம் இப்ப புல்லுல எறங்குதுன்னு சொன்னதும் எல்லாரும் மேசையத் தட்டினாங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "அப்படின்னா என்னை ஏன் தைக்கச் சொல்லல? இங்கிலாந்துல படிச்சவங்கறதாலயா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா." காது சிவந்துவிட்டது அவனுக்கு. "உங்கள கேக்கப் பயம். போன வருஷம் என் கோட்டுல நானே ஒரு பொத்தான் தச்சேன். நீங்க அதப் பிரிச்சு மேசமேல வச்சுட்டு, மறுபடி தைன்னீங்க. மூணு தடவ."

நான்கு தடவை. மூன்றாவதும் சரியாக இல்லை.

பயமாம். நாலு வருஷம் வேளாவேளைக்குப் பொங்கிப் போட்டிருக்கேன், ஜுரத்துல ராத்திரி பகல் பார்த்திருக்கேன் — என்னப் பார்த்தா பயமாம். அவளப் பார்த்தா மட்டும் சிரிப்பு வருதாம்.

சனிக்கிழமை ஹெக்டரின் சிங்கம் எல்லார் முன்னாலும் ஓடப்போகிறது. பெத்தியாவை மட்டும் மனதில் வைத்திருந்தேன். ஹெக்டரை மறந்துவிட்டேன்.

நவம்பர் 28, வியாழன்

எதிர்வீட்டுக்குப் போனேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

பெத்தியா ஜன்னலோரம் உட்கார்ந்து, துணியை மூக்கில் படுமளவு தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலையில் நூல் கோத்த ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன, இருபது இருக்கும்.

"ஆர்ச்சி தம்பி தெனமும் கோத்து வச்சுட்டுப் போகும்" என்றாள். "ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்துடுச்சு, கில்லீஸம்மா. எழுத்து சுத்தமாத் தெரியல. தையல் மட்டும் கைப்பழக்கத்துல ஓடுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, இந்த ஊசியிலதான் அடுப்பு எரியுது."

செய்தித்தாள் இதற்குத்தான். பிறகு, சிங்கங்கள் திரும்பி நிற்கின்றன என்றேன்.

அவள் ஒரு சட்டையை எடுத்துச் சிங்கத்தை விரலால் தடவினாள். "அப்ப தாளை நான்தான் கவுத்துப் போட்டிருக்கேன். குருட்டுக் கழுத." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "திங்கக்கெழமயே பார்த்தீங்களே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அன்று வெளிச்சம் போதவில்லை என்றேன்.

நவம்பர் 29

இரண்டு நாளாக இருவரும் சேர்ந்து சிங்கங்களைப் பிரித்து, புரட்டிப் போட்டு, மறுபடி தைத்தோம். சிங்கம் வெட்டிய ஃபிளானல் துணிக்கு இரு பக்கமும் ஒன்றுதான், நல்லவேளை. கண்ணும் நகமும் மட்டும் புதிதாகப் போட வேண்டும்; அவை என் வேலை. இடையில் பாகு ஊற்றிச் சுட்ட ரொட்டி கொடுத்தாள். இனிப்பு அதிகம். மூன்று சாப்பிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது, கூடுதல் சட்டை. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

நவம்பர் 30, சனி. புனித அந்திரேயா திருநாள்

மூடுபனியில் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எடையிலும் உயரத்திலும் பெரியவர்கள். ஒவ்வொருவனும் பந்தைத் தன் சொத்தைப்போல் தானே ஓட்டிக்கொண்டு போனான். நம்மவர்கள் ஒருவருக்கொருவர் தள்ளிக் கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவன், "ஏ நெட்டையா, அது பந்துப்பா, உன் பொண்டாட்டி இல்ல, விட்டுக் குடு" என்று ஒன்றரை மணி நேரம் கத்தினான். கண்டித்தேன். தொப்பியைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி கத்தினான்.

யாரும் கோல் போடவில்லை. நாடே தோற்காமல் வீடு திரும்பியது.

பன்னிரண்டாவது சட்டையை ஆர்ச்சி போட்டுக்கொண்டு கோட்டோரம் நின்றான். இங்கிலாந்துக் கனவான் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உங்க சிங்கம் எங்க ஓடுது?" என்று கேட்டார்.

"ஓடல சார். சுத்திக்கிட்டு உங்க பின்பக்கமா வருது."

அவரே சிரித்துவிட்டார். ஆர்ச்சிக்குப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

சேற்றில் திரும்பி வரும்போது அவன் கை கொடுத்தது பெத்தியாவுக்கு. ஏன் என்று இப்போது தெரியும். தெரிந்தும் சுருக்கென்றது.

டிசம்பர் 3, செவ்வாய்

கமிட்டியிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது, என் பெயருக்கு. "சிங்கத்தைத் தந்ததற்கும், தக்க சமயத்தில் பிழையைத் திருத்தியதற்கும்." பெத்தியாவின் பெயர் எங்கும் இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

கிர்ஸ்டி வாய் நிறையச் சிரிப்போடு வந்தாள். "நீங்க இல்லன்னா மானமே போயிருக்குமாம். ரென்னியம்மாவே ஊரெல்லாம் சொல்றாங்க, நான்தான் குருட்டுத்தனமாத் தாளைக் கவுத்துப் போட்டேன்னு. துணிக்கடைக்காரரு காதுலயும் விழுந்துடுச்சு. தைக்கக் குடுத்த சட்டைத் துணியெல்லாம் திருப்பி வாங்கிட்டாராம்."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. இன்று சாப்பிடவில்லை.

டிசம்பர் 7, சனி

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். குருவானவர், "இதை என்னிடம் சொல்வது சுலபம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எதிர்வீட்டுக் கதவுக்கடியில் செருகிவிட்டு வந்த கடிதத்தின் நகல்:

திருமதி பெத்தியா ரென்னிக்கு,

மாதிரித்தாளை நீங்கள் கவிழ்த்துப் போட்டதற்குக் காரணம் உங்கள் கண் அல்ல. மேல்பக்கம் எது என்று காட்டும் சிவப்பு முடிச்சை, உங்களுக்குக் கொடுக்குமுன் நான் எடுத்துவிட்டேன். அழுக்காக இருந்ததால் எடுக்கவில்லை. திங்கட்கிழமை அன்று வெளிச்சமும் போதுமானதாகத்தான் இருந்தது. அந்த நூலை இதனுடன் வைத்திருக்கிறேன். தடவிப் பார்த்தால் முடிச்சு தெரியும்.

இந்தக் கடிதத்தை உங்களால் படிக்க முடியாது என்று அறிவேன். ஆர்ச்சியைப் படிக்கச் சொல்லுங்கள். அவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். பிறகு துணிக்கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் மறுபடி வேலை கொடுத்தால், கழுத்துப்பட்டியும் பொத்தான் துளையும் நான் தைத்துத் தருகிறேன். பிரிக்கச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பாகு ரொட்டியில் இனிப்பு அதிகம். அதுவும் உண்மை.

பதிலை ஆர்ச்சியிடம் சொல்லி, எழுத்தில் அனுப்புங்கள்.

யூஃபீமியா கில்லீஸ்