மஞ்சள் கயிற்று அட்டை

நேற்று சாயங்காலம் பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணின் கையில் தண்ணீர் பாட்டில் நிறைந்தே இருந்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவள். ஒரு மடக்குகூடக் குடித்திருக்கவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டதடி.

படிப்பு முடித்து நாம் முதன்முதலாகச் சேர்ந்த ஓசூர்க் கம்பெனியில், நம் அசெம்ப்ளி லைனுக்கே கழிப்பறை அட்டை ஒன்றுதான். மஞ்சள் கயிறு கட்டிய அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருத்தி வந்து கழற்றித் தந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதற்குத் 'தாலி' என்று பேர் வைத்ததே நீதான். "கல்யாணத்துக்கு முன்னாடியே எத்தன வாட்டிடி தாலி கட்டிக்கிறது?" என்பாய். வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவள், கிண்டலை மட்டும் தமிழில்தான் செய்வாய். லைனே சிரிக்கும்.

சிரித்தோமே தவிர, தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம். அட்டை கேட்டால் சூப்பர்வைசர் எல்லார் காதிலும் விழும்படி, "இப்பதானம்மா போயிட்டு வந்த?" என்பார். அதற்குப் பதில் சொல்வதைவிடத் தாகமே மேல் என்றிருந்தது. உனக்குச் சிறுநீர் போகையில் எரிச்சல் வந்தது, காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. உன்னை அடக்கம் செய்த அன்றும் லைன் ஓடியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலையை விட்டேன். இப்போது ஒரு தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து, விடுதி விடுதியாகப் போய், புதிதாகச் சேரும் பெண்களிடம் பேசுகிறேன். அட்டை கூடாது, எழுந்து போகிறவள் இடத்தில் உட்கார ஆள் வேண்டும் என்று கம்பெனிகளோடு மல்லுக்கட்டுகிறோம். நம் கம்பெனியில் அட்டையை எடுக்க வைத்தாயிற்று. பக்கத்துக் கம்பெனியில் கழிப்பறைக் கதவிலேயே மெஷின் வைத்து நேரம் பார்க்கிறார்கள்.

உன் கதையைத்தான் சொல்கிறேன், பேர் சொல்லாமல். "தங்கச்சிக்கு மாப்ள பாக்கறோம்மா. வியாதி கியாதின்னு பேச்சு வேணாம். அவ பேர எங்கயும் எடுத்துடாத" என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுக்க முடியவில்லை.

போன வாரம், கதையின் முடிவுக்கு வருமுன்பே ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, அந்தப் பொண்ணு நீங்கதானே?"

தலையாட்டிவிட்டேன்.

"நல்லவேளைக்கா, பொழச்சிக்கிட்டீங்க" என்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முடிவைச் சொன்னால்தான் அவர்களுக்கு உறைக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும், பிழைத்தவளாக உன்னை அவள் பார்த்துக்கொண்டிருக்கையில், உன்னைச் சாகடிக்க எனக்கு வாய் வரவில்லையடி.