வெள்ளிக்கிழமை நான்காம் பாடவேளை

என் அன்புக் காமாட்சிக்கு,

இந்தக் கடிதத்தை நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டாய். உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். எனக்கு உன்னோடு எந்த வழக்கும் இல்லை. வழக்கெல்லாம் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களோடுதான். அவர்களும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்பவர்களுக்கு முதலில் நீ யாரென்று சொல்லிவிடுகிறேன். காஜா பெராங்கில், மலாக்காச் செட்டிமார் குடியிருப்பில் பிறந்தவள். கோவில் நம் கோவில், பெயர் நம் பெயர், வீட்டுப் பேச்சு மட்டும் பல தலைமுறையாக மலாய். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப்பக்கம் புதிதாக வந்த மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாய். நான் அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் என் பாடங்கள்.

நாம் முதலில் பேசிக்கொண்ட நாளை நீ மறந்திருக்க மாட்டாய். தொழிற்சாலை பஸ் உன்னைத் தெருமுனையில் இறக்கிவிடும் நேரமும் நான் பள்ளிக்குப் புறப்படும் நேரமும் ஒன்று. கண்கள் சிவந்து, நடக்கவே தெம்பில்லாமல் வருவாய். தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். அன்றைக்கு வழிமறித்து நின்றாய். கையில் பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை. அதில் பேனாவால் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

“சிக்கு, அறிவியல் சொல்லித் தர்றவங்கதானே?” என்று மலாயில் கேட்டாய். அந்த மொழியில் ஆசிரியரைக் கூப்பிடும் சொல் ‘சிக்கு’. “இனி அபா? இது என்னன்னு சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. “தாக் தாவு,” என்றேன்.

“சிக்குவுக்கே தாக் தாவுன்னா எனக்கு யார் சொல்லுவா?”

ஒரு வருஷமாக அதைத்தான் நீ ஒட்டிக்கொண்டிருந்தாய். உருப்பெருக்கிக்குக் கீழே எள்ளளவு சதுரம், அதில் தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பி. என்ன ஒட்டுகிறோம் என்று மேற்பார்வையாளரைக் கேட்டிருக்கிறாய். “ஒட்டத் தெரியுதில்ல? அது போதும்,” என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பதிலைச் சொன்னபோது உன் முகத்தில் இருந்த கோபம் எனக்குப் பிடித்துப்போனது. ஆறு வருஷமாக அறிவியல் நடத்துகிறவள் வாயடைத்து நின்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. அன்று பள்ளிக்குத் தாமதமாகப் போய்த் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உன் லைனில் இருந்த டெக்னீஷியன் ஒருவர் தன் இரவுப் பள்ளிப் புத்தகத்தை இரவல் கொடுத்தார். முழுக்க ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டு முன்னறையில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு நாம் அதோடு மல்லுக்கட்டினோம். அந்தச் சதுரம் மின்சாரத்தை ஒரு நிலையில் விடும், இன்னொரு நிலையில் விடாது, அதனால்தான் கணக்குப் போடும் யந்திரமும் கையில் தூக்கிப் போகும் ரேடியோவும் வந்தன என்று புரிந்த அன்று நீ எழுந்து நின்று கைதட்டினாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து என்ன உடைந்தது என்று கேட்டார்.

அப்புறம்தான் அந்தக் கண்ணாடி அறையைப் பற்றிச் சொன்னாய். உங்கள் லைனுக்கு அப்பால், வெள்ளை அங்கி போட்ட டெக்னீஷியன்களும் இன்ஜினியர்களும் இருக்கும் அறை.

“அங்க நம்ம பிள்ளைங்க ஒருத்தரும் இல்லக்கா. அப்படி ஒரு ரூம் இருக்குன்னே அதுங்களுக்கு யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க. ஆறாம் வகுப்பிலயே சொல்லுங்க.”

‘சிக்கு’ அதற்குள் ‘அக்கா’ ஆகியிருந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பழகிய சொல்.

நான் ஒருத்தி சொன்னால் போதாது என்று பட்டது. நீ விளக்கிச் சொல்வதைக் கேட்க, சனிக்கிழமை காலை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களையும் கூப்பிட்டேன். ஏழு பேர் வந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் நீ நின்றதைப் பார்த்ததும் எங்கள் மாணிக்கம் வாத்தியார், ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி இருப்பவர், பின்வரிசையிலிருந்து தமிழில் சத்தமாகவே சொன்னார்: “தமிழ் பேசத் தெரியாத பாக்டரிப் பொண்ணு தமிழ் வாத்தியாருக்குப் பாடம் எடுக்குது. காலம் கெட்டுப் போச்சுலா!”

அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் உனக்குப் புரிந்துவிட்டது.

“இந்தச் சாமான் தமிழும் பேசாது, மலாயும் பேசாது சிக்கு,” என்றாய் மலாயில். “எரியும், இல்லாட்டி எரியாது. வந்து பாருங்க.”

டவுனில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் கெஞ்சி வாங்கிய டயோடு, நீ ஒட்டும் சதுரத்தின் இனம். குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பொருள், ஒரு முனையில் வெள்ளை வளையம். மூன்று பேட்டரி, ஒரு டார்ச் பல்பு. ஒரு பக்கமாக வைத்தால் பல்பு எரிந்தது, திருப்பி வைத்தால் எரியவில்லை. மாணிக்கம் வாத்தியார் வந்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். போய் உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார்.

இனிச் சொல்லப் போவது என் மானம் போன கதை. வெள்ளிக்கிழமை நான்காம் பாடவேளையை நான் இதற்கென்று ஒதுக்கினேன். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இந்தச் சாமானுக்குக் ‘குறைகடத்தி’ என்று அழகான சொல் கிடைத்த பெருமையில், அதைக் கரும்பலகையில் எழுதி விளக்கமும் எழுதிப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தேன். வாய்ப்பாடு சொல்லும் அதே ராகத்தில் முப்பது பிள்ளைகள் குறைகடத்தியைப் பாடினார்கள். இரவு வேலை முடிந்தும் தூங்கப் போகாமல் வந்த நீ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். உள்ளே வந்து முன்வரிசை வள்ளியிடம் மலாயில், “எப்ப விடும், எப்ப விடாது?” என்று கேட்டாய். வள்ளி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினாய். “எங்க சூப்பர்வைசர் என்னை ஒட்டச் சொன்னாரு. நீங்க இதுங்களைப் பாடச் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானக்கா?”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. கோபம் உன் மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டயோடையும் பேட்டரியையும் வகுப்புக்குக் கொண்டு போய்ப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தேன். வகுப்பு சந்தையாகிவிட்டது. வள்ளி ஏழெட்டுத் தடவை திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: “டீச்சர், எங்க அத்தை வீட்டுக் கோழிக்கூட்டுக் கதவு மாதிரி! உள்ள தள்ளினா திறக்கும், வெளிய தள்ளினா திறக்காது!”

அதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவாவது இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கக் கூடாதா?

ஊர் சும்மா இருக்குமா? ஆசிரியைகள் பெண்பிள்ளைகளைப் பாக்டரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. அதோடு, பாக்டரிப் பெண்கள் என்றால் இப்படித்தான் என்று உன்னைப் பற்றியும் சொன்னார்கள். அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். சொன்னவர்களுக்கு என்ன சொன்னோம் என்று தெரியும். பள்ளி வாரியத் தலைவர் பெற்றோர் கூட்டம் கூட்டினார். வெள்ளிக்கிழமைப் பாடவேளை வேண்டுமா வேண்டாமா என்பதே பேச்சு. நீயே வந்து பேசுவதாகச் சொன்னாய். என்ன புடவை கட்டுவது என்றுகூடக் கேட்டாய்.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காய்ச்சலில் படுத்தாய். நாலு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. உன் மேல் எனக்குக் கோபம் காமாட்சி. இப்படி அம்போவென்று விட்டுவிட்டா போவது? உன்னைத் தூக்கிப் போன அன்று நான் அழவில்லை. மறுநாள் அலமாரியைத் திறந்து டயோடும் பேட்டரியும் போட்டு வைத்திருந்த பெட்டியைப் பார்த்ததும் வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே அழுதேன். வள்ளி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

கூட்டத்துக்கு நான் போனேன். தலைவர் எழுந்து, “இது பரீட்சையில வராது. வராத பாடத்துக்கு எதுக்குப் பாடவேளை?” என்றார். தலைமையாசிரியர் தலையாட்டினார். வள்ளியின் அப்பா, சாலை போடும் வேலை செய்பவர், எழுந்து என்னைக் கேட்டார்: “டீச்சர், நேரடியாவே கேக்குறேன். என் மவ பாக்டரிக்குத்தான் போவணுமா?”

நான் எழுந்தேன். உனக்காகப் பேசினேன்.

“நான் சொன்னாலும் சொல்லாட்டியும் உங்க மக ஒருநாள் அந்த கேட்டுல போய் நிக்கலாம் ஐயா. வேற வேலை இங்க எங்க இருக்கு, சொல்லுங்க? ஒண்ணும் தெரியாம போய் நின்னா ஒட்டச் சொல்லுவாங்க. தெரிஞ்சிட்டுப் போனா, அந்தக் கண்ணாடி ரூமுக்கு என்ன படிக்கணும்னு கேப்பா. சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு. நம்ம பிள்ளைங்க இன்னும் கேள்வி கேக்காமலே வேலைக்குப் போகணுமா? உங்கப்பா ரப்பர் தோட்டத்துல கேட்டாரா? நீங்க கேட்டீங்களா?”

கடைசி இரண்டு கேள்விகளும் அதிகப்படி. தெரியும். வாயிலிருந்து வந்துவிட்டன. அந்த மனிதர், “கேக்கலதான்,” என்று சொல்லி உட்கார்ந்தார்.

இதோடு ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. கை தூக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தூக்கினார்கள், பாதிப் பேர் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். முடிவு சொல்லாமலே கூட்டத்தைக் கலைத்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. நான் நான்காம் பாடவேளையில் பெட்டியைத் திறந்தேன். அடுத்த வெள்ளியும் திறந்தேன். தலைமையாசிரியர் இரண்டு முறை ஜன்னல் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனார். யாரும் வாய் திறந்து நிறுத்து என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சொல்லாததை ஒரு காகிதம் சொன்னது. போன வாரம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அடுத்த பள்ளித் தவணையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டப் பள்ளி. பஸ் ஒரு நாளைக்கு இரண்டே தடவை. தண்டனை என்று எழுதுவார்களா? ‘நிர்வாகத் தேவை’யாம்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது மாணிக்கம் வாத்தியார் வந்து எதிரில் கையை நீட்டினார்.

“அலமாரிச் சாவியைக் குடுங்க டீச்சர்.”

“எதுக்கு சார்?”

“வெள்ளிக்கிழமை யார் எடுக்கிறது? எனக்குப் பாதிதான் புரிஞ்சிருக்கு. மீதியை அந்த வள்ளியைக் கேட்டுக்கிறேன்.”

“உங்களையும் மாத்திடுவாங்க சார்.”

“அடுத்த வருஷம் பென்ஷன். என்னை எங்க கொண்டு போயி மாத்துவானுங்க? தைரியம் இருந்தா மாத்திப் பாக்கட்டும்லா!” என்றவர், போகிற போக்கில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போயிடுச்சு,” என்றார்.

கேட்டாயா? அவர் சார்பில் அந்த மன்னிப்பை நான் கேட்டுவிட்டேன்.

நேற்று ரேடியோ கடைக்குப் போய் இன்னொரு பெட்டிக்குச் சாமான் வாங்கினேன். தோட்டப் பள்ளிக்கு. திரும்பும் வழியில் உன் அம்மா வாசலில் நின்றார். மாற்றல் செய்தி அவர் காதுக்கும் போயிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் கேட்டார்: “அப்ப, என் மக ஆரம்பிச்ச வகுப்பு போச்சா சிக்கு?”

“ஒண்ணு இருந்துச்சும்மா,” என்றேன். “நிறுத்தப் போய் ரெண்டாக்கிட்டாங்க.”

உனக்கு என் வாக்கு இது, காமாட்சி. என்னை எங்கே அனுப்பினாலும் அங்கே ஓர் ஆறாம் வகுப்பு இருக்கும். என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும், தான் ஒட்டுவது என்னவென்று தெரியாமல் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்காது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் வாரியத் தலைவரும் தெரிந்துகொள்ளட்டும்: இன்னொரு தடவை மாற்றினால் மூன்றாகும்.

உன்னிடம் பாடம் கற்ற,
உன் அக்கா