வெட்டிப் பங்கிட்ட புத்தகம்

2006 ஜூன் 12

எங்கள் கப்பல் முகவர் அலுவலகத்தில் இன்று ஒரே கதை. டேட்டாபேஸ் நிர்வாகி வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒருவரும் வரமாட்டார்களாம். யுத்தம் திரும்பும்போல இருக்கிற இந்த நேரத்தில் இங்கே வர யாருக்குத்தான் மனம்? ஒராக்கிள் சோதனை பாஸ் பண்ணுகிறவருக்கு அந்த இடம் என்று மனேஜர் சொல்லிவிட்டார். கொம்பியூட்டர் அறையில் இருப்பது நானும் ஸல்ஹாவும்தான். அவள் அக்கரையில் கிண்ணியாப் பிள்ளை, எனக்குத் தங்கச்சி மாதிரி. போட்டி என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள இருவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 15

சோதனைக்கு எந்தப் புத்தகம்? கொழும்பில் இரண்டு இருக்கின்றன. ஒன்று தலையணை மாதிரித் தடித்த மொத்தம், எல்லாவற்றுக்கும் விளக்கம். மற்றது ஒல்லி, கேள்வியும் விடையும் மட்டும்.

"ஒல்லிதான் நல்லம் அக்கா. மொத்தத்தக் கொண்டு போனா செக்பொயின்ற்ல ஆமிக்காரங்க ஒவ்வொரு தாளாப் பொரட்டுவாங்க" என்றாள்.

நான் பிடிவாதக்காரி. விளங்காமல் பாடமாக்கி என்ன பயன்? மொத்தம்தான் என்று முடித்துவிட்டேன்.

ஜூலை 3

புத்தகம் வந்தது. ஆனால் சேர்ந்து படிப்பது எங்கே? கிண்ணியாவுக்குக் கடைசிப் பாதைப்படகு போவதற்குள் அவள் துறைக்கு ஓட வேண்டும். அச்சகத்தில் கொடுத்து நடுவால் வெட்டுவித்து, இரண்டுக்கும் மட்டை போட்டோம். முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு, பிறகு மாற்றுவது. சோதனை ஆகஸ்ட் 26, இருவருக்கும்.

ஆகஸ்ட் 4

கிண்ணியாவுக்கு அடுத்த மூதூரில் சண்டை. பாதைப்படகு ஓடவில்லை. ஸல்ஹா வரவில்லை.

ஆகஸ்ட் 11

அவள் இல்லாத அறை பிடிக்கவில்லை. ஒருபடியாக இன்று டெலிபோன் கோல் கிடைத்தது. அவள் வீடு நிறைய மூதூரிலிருந்து வந்த சனம்.

"குசினிக்குள்ள இருந்து படிக்கிறன் அக்கா. முன்பாதி இல்லாம பின்பாதி வெளங்குதில்ல. திரும்பத் திரும்ப வாசிக்கிறன்."

எனக்கும் பாதிதானே. பொறுமை போய், கொழும்பிலிருந்து அந்த ஒல்லியை எடுப்பித்துவிட்டேன். அவளிடம் சொல்ல வெட்கம்.

ஆகஸ்ட் 23

சனிக்கிழமை சோதனை. என் வீட்டுக்காரர் போகச் சொல்கிறார்.

"அவள் வராட்டி வேலை உனக்குத்தானே."

அதைத்தான் கேட்க முடியவில்லை — அவள் வராட்டி. இருவருடைய திகதியையும் தள்ளிப் போட்டேன். "உனக்கு விசர்" என்றார் இவர். பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

செப்டெம்பர் 18

பாதை திரும்ப ஓடுகிறது. ஸல்ஹா வந்தாள். மெலிந்துபோனாள், பாவம். கட்டிப்பிடித்தேன். பாதிகளை மாற்றினோம். அவள் முன்பாதியை விழுங்குகிறாள். நான் பின்பாதியை அரைகுறையாகப் புரட்டினேன் — ஒல்லி இருக்கிறதே என்ற தைரியம்.

ஒக்டோபர் 28, கொழும்பு

சோதனை முடிந்தது. அவள் பாஸ். நான் இல்லை. ஒல்லியில் இருந்த கேள்வி ஒன்றுகூட அப்படியே வரவில்லை. மொத்தம்தான் வேண்டும் என்று நின்றவள் நான்!

பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவள் எனக்காக அழுததைப் பார்த்ததும் என் அழுகையை விட்டுவிட்டு அவளைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

நவம்பர் 13

நிர்வாகியாக ஸல்ஹாவின் முதல் நாள். காலையில் கொம்பியூட்டரில் என் கணக்கைத் திறந்தால், நிர்வாகிக்கு மட்டும் உரிய அனுமதிகள் அத்தனையும் எனக்கும் தரப்பட்டிருந்தன.

"இது பிழை ஸல்ஹா. பாஸ் பண்ணினது நீ."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திரும்பவும் பாத ஓடாம நிண்டா என்னால வர ஏலா. இத ஆர நம்பி உட்டுட்டுப் போற அக்கா?"

கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டு இருந்தேன்.