கொஞ்சம் தண்ணி விழுது

அன்புள்ள தாரிணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பத்து நாளாகப் பதில் எழுதவில்லை. களைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறன்று ஷார்ஜாவிலிருந்து அலுவலகத் தோழிகளோடு, ஓமானில் நாம் வருடாவருடம் போகும் அந்த மலைப் பள்ளத்தாக்குக்குப் போனேன். வெயிலில் கல்மேல் நடந்ததில் முழங்கால் இன்னும் வலிக்கிறது. குளத்தருகே வந்ததும், பழக்கதோஷத்தில் எல்லோருடைய பைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, இங்க யாரு பையைத் திருடப் போறா? லைஃப் ஜாக்கெட்டை மாட்டுங்க, நான் இழுத்துட்டுப் போறேன்" என்றாள் சந்திரகலா.

மூன்று குளங்கள் தாண்டி, பாறை இடுக்கில் தலையை நுழைத்தால் குகைக்குள் அருவி. பதினோரு வருடமும் நீங்களும் மகளும் நனைந்து திரும்பும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் தண்ணி விழுது" என்பீர்கள்.

கொஞ்சம் இல்லை. சந்திரகலா கூப்பிட்டும் வெகுநேரம் நான் வெளியே வரவில்லை.

வேலை போய் நீங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள். "ஷார்ஜாவில் இனி உனக்கும் ஒன்றுமில்லை, வேலையை விட்டுவிட்டுக் கோவைக்கு வந்துவிடு" என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று என் விசாவை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். தாரிணியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இத்தனை வருடம் பைகளைப் பார்த்துக்கொண்டவள்