கேட் டூட்டி

மச்சான், இன்று காலை யூனிஃபார்ம் சட்டையைத் தேய்த்தபோது, சூடான துணியிலிருந்து ஆலையின் மருந்து நெடி கிளம்பியது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்த நெடியில் உன் ஞாபகம் வந்துவிட்டது. வேலையை விட்டு நிறுத்திய பிறகும் தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்த ஆள் நீ ஒருவன்தான்.

உன்னை நிறுத்திய விதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாட்ச்மேனை விட்டுச் சொல்ல வைத்தார்கள். காரணம் கேட்டாய், எழுதித் தரச் சொன்னாய். இரண்டும் கிடைக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் வந்து, ஷிப்ட் சங்கு ஊதும்வரை கேட்டில் நின்றாய். வேலைக்கு வந்திருப்பதாக வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாய். அடுத்த நாளும் அப்படியே. நாங்கள் அதற்கு 'கேட் டூட்டி' என்று பேர் வைத்துக் கிண்டல் செய்தோம். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

"வரலன்னா, அவனா நின்னுட்டான்னு சொல்லிடுவாங்க மச்சான். அந்தப் பேச்சுக்கு எடம் குடுக்கக் கூடாது" என்றாய்.

மழையிலும் நின்றாய். தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டால் நிர்வாகத்திலிருந்து ஆளே வரமாட்டார்கள். உனக்கு வாய்தா மட்டும் மிஞ்சும். வழக்கு கோர்ட்டுக்குப் போய், விசாரணை தொடங்கும் முன்பே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் மனைவி வழக்கை விடவில்லை. நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? நீயாகவே நின்றுவிட்டாயாம். கேட் பக்கமே வரவில்லையாம். உன்னைத் தினமும் பார்த்த வாட்ச்மேன் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் வேலை வேண்டுமே. நான் கூண்டேறி, பார்த்ததைச் சொன்னேன். தீர்ப்பு இன்னும் வந்தபாடில்லை.

எனக்கு வந்துவிட்டது. அடுத்த வாரமே அதே வாட்ச்மேன் என்னை மறித்து, வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னதாகச் சொன்னார். இது சட்டப்படி செல்லாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? செல்லாது என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஆயுசே போய்விடுகிறது.

இன்று நீ நின்ற அதே இடத்தில் நின்றேன். வாட்ச்மேன் கிட்டே வந்து, கேலியில்லாமல்தான் கேட்டார்: "அவுருக்கு நீ சொன்ன. ஒனக்கு யாருப்பா சாட்சி சொல்லுவாங்க?"

ஷிப்டுக்குப் போகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கடந்தார்கள். நீ வாட்ச்மேனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாய், மச்சான். நான் அவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, சங்குக்கு மேலே குரலெடுத்துச் சொன்னேன்.

"வேலைக்கு வந்துருக்கேன்."